திண்டுக்கல் பூட்டும் செலரான் 300ஏ-வும்

திண்டுக்கல் என்றால் பூட்டு. பூட்டுக்கு அடுத்து பிரியாணி. இந்த இரண்டையும் விட்டுவிட்டு அந்த ஊரைப் பற்றி யாரும் பேச ஆரம்பிப்பதே இல்லை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் இந்தக் கட்டுரை இரும்புப் பூட்டைப் பற்றியது இல்லை மக்களே. 1990களில் கம்ப்யூட்டர் ப்ராசசருக்குள் போடப்பட்ட ஒரு பூட்டைப் பற்றியது. கையில் காசு இல்லாத மாணவர்கள் அதை எப்படியெல்லாம் சுற்றிப் போனார்கள், சில சமயம் வெறும் பென்சிலை வைத்துக்கூட எப்படித் திறந்தார்கள், அதில் என்னென்ன எரிந்தது, அதே வேலையைப் பேகம்பூரில் மே மாச வெயிலில் செய்தால் என்ன ஆகும்... இதுதான் கதை.

முதலில் ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம். மதர்போர்டில் ஒரு சின்னப் படிகம் இருக்கும். அது சீராகத் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பிலிருந்து 'பஸ்' வேகம் பிறக்கிறது. பஸ் வேகத்தை ஓர் எண்ணால் பெருக்கினால் ப்ராசசரின் வேகம். அந்த எண்ணுக்குப் பெயர் மல்டிப்ளையர். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், 4.5 மல்டிப்ளையர் என்றால் 300 மெகாஹெர்ட்ஸ். இந்த இரண்டில் எதையாவது கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் ஏற்றினால் அதுதான் ஓவர்கிளாக்கிங். அவ்வளவுதான் விஷயம். மந்திரம் ஒன்றும் இல்லை.

இது ஏதோ கேம் விளையாடும் பையன்கள் கண்டுபிடித்த சேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இதென்ன விநோதமான எண் என்று தோன்றும். அமெரிக்கக் கலர் டிவி சிக்னலுக்குத் தோதாக 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றை வைத்து, அதையே மூன்றால் வகுத்துப் ப்ராசசருக்கும் கொடுத்துவிட்டார்கள். சிக்கனம்! அதற்குள் இருந்த 8088 ப்ராசசரால் 5 மெகாஹெர்ட்ஸ் ஓட முடியும். ஆக முதல் பிசியே கொஞ்சம் மெதுவாக்கப்பட்ட பிசிதான்.

1984-ல் ஐபிஎம் ஏடி வந்தது. 6 மெகாஹெர்ட்ஸ். அதில் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் மெஷின் 8-ல் ஓடியது. சில டாலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுதல். செய்தவர்கள் கேம் பையன்கள் இல்லை, ஆபீஸ்களில் வேலை பார்த்த ஆட்கள். ஐபிஎம் சும்மா இருக்குமா? 1985-ல் பயாஸை மாற்றி, மெஷின் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடினால் ஆரம்பச் சோதனையிலேயே நின்றுவிடும்படி செய்தது. கம்பெனி பூட்டும், பயனர் திறப்பார் என்கிற விளையாட்டு அங்கே தொடங்கியது. மறு வருடமே ஐபிஎம் தானே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடி ஒன்றை விற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மல்டிப்ளையர் என்ற சமாச்சாரம் பரவலானது 1992-ல் வந்த 486 டிஎக்ஸ்2 மூலம். வெளியே 33, உள்ளே இரண்டு மடங்கு 66. பிறகு பெண்டியம் காலத்தில் மதர்போர்டில் ஜம்பர் என்ற குட்டிக் குட்டித் தொப்பிகளை மாற்றிப் போட்டாலே போதும், வேகம் ஏறிவிடும். இங்கேதான் கதையில் வில்லன் நுழைகிறான்.

பெண்டியம் சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதிக வேகத்தை எழுதி, அதிக விலைக்கு விற்கும் கும்பல்கள் 1990களின் நடுவில் பல நாடுகளில் கிளம்பின. 'ரீமார்க்கிங்' என்று பெயர். வாங்கியவருக்குத் தன் வீட்டில் இருப்பது ஓவர்கிளாக் செய்த சிப் என்றே தெரியாது. மெஷின் அடிக்கடி ஹேங் ஆகும். விண்டோஸ்மீது பழி போகும். (அந்தக் காலத்து விண்டோஸும் அதற்கு இடம் கொடுத்தது என்பது வேறு விஷயம்.) அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரையே பெரும்பாலும் நம்பியிருந்த இந்தியா மாதிரி சந்தைகளில், மூடின பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கத் தெரிந்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இதைக் காரணம் காட்டித்தான் இன்டெல் மல்டிப்ளையரைப் பூட்டியது. பெண்டியம் 2 காலத்தில் அந்தப் பூட்டு முழுசாக விழுந்தது. ஏமாற்றுக்காரர்களிடமிருந்து வாங்குபவரைக் காப்பாற்ற வேண்டும் என்பது நியாயமான காரணம், மறுக்க முடியாது. கூடவே, மலிவான சிப்பை வாங்கி விலை உயர்ந்த சிப்பின் வேலையை வாங்குவதையும் அது தடுத்தது. இரண்டு காரணமும் உண்மை. எது முதல் காரணம் என்பதை அவரவர் இன்டெல்மீது வைத்திருக்கும் மரியாதையைப் பொறுத்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. பூட்டப்பட்டது மல்டிப்ளையர் மட்டும்தான். பஸ் வேகம் மதர்போர்டின் கையில் இருந்தது.

இப்போது கதாநாயகன்.

1998-ல் இன்டெலுக்குக் கீழ்மட்டச் சந்தையில் ஏஎம்டி தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சமாளிக்க ஏப்ரலில் செலரான் என்ற மலிவு ப்ராசசரை இறக்கினார்கள். பெண்டியம் 2-வில் இருந்த எல்2 கேஷ் நினைவகத்தை மொத்தமாகக் கழற்றிவிட்டு விற்றார்கள். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அவமானம் தாங்காமல் அதே வருடம் ஆகஸ்ட் 24 அன்று செலரான் 300ஏ வந்தது. இதில் 128 கேபி கேஷ். பெண்டியம் 2-வில் 512 கேபி இருந்தது. நாலில் ஒரு பங்குதானே என்று விட்டுவிடக் கூடாது, விஷயமே அங்கேதான் இருக்கிறது. பெண்டியம் 2-வின் கேஷ் தனிச் சிப்புகளாக வெளியே உட்கார்ந்து ப்ராசசரின் பாதி வேகத்தில் ஓடியது. செலரானின் கேஷ் ப்ராசசர் சில்லுக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் ஓடியது.

அன்றைக்கே இன்டெல் தன் உச்ச மாடல்களில் ஒன்றான பெண்டியம் 2 450 மெகாஹெர்ட்ஸையும் வெளியிட்டது. மொத்த விலை 669 டாலர். செலரான் 300ஏ 149 டாலர். அன்றைய டாலர் சுமார் 42 ரூபாய் என்று வைத்தால் ஒன்று இருபத்தெட்டாயிரம், இன்னொன்று ஆறாயிரத்துச் சொச்சம், வரி தனி.

செலரான் 300ஏ-வின் மல்டிப்ளையர் 4.5. பஸ் 66. அந்த வருடம் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை முறைப்படியே ஆதரித்தன. 4.5-ஐ 100-ஆல் பெருக்கிப் பாருங்கள். 450! அதே நாளில் வந்த 669 டாலர் ப்ராசசரின் வேகம். பலருக்கு அது வோல்டேஜைக்கூட ஏற்றாமல், டப்பாவில் வந்த ஃபேனோடு ஓடியது. கேம்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொண்டன.

ஏபிட் பிஎச்6 மாதிரி மதர்போர்டுகளில் பயாஸுக்குள் போய் 100 என்று மாற்றினால் போதும். அந்த வசதி இல்லாத போர்டுக்கும் வழி கண்டுபிடித்தார்கள். ப்ராசசர் அட்டையில் பி21 என்ற ஒரு தொடுமுனை, 'நான் 66 பஸ் ஆள்' என்று போர்டிடம் சொல்லும். அதன்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டால் அந்தத் தகவல் போகாது, போர்டு 100-ல் ஓட்டும். 520 டாலர் வித்தியாசம் ஒரு துண்டு டேப்பில்!

எப்படி இது சாத்தியம்? சிப்புகள் தட்டுத் தட்டாக ஒரே வேஃபரில் சுடப்படுகின்றன. சோதனை செய்து, நன்றாக ஓடுவது, சுமாராக ஓடுவது என்று தரம் பிரிப்பார்கள். தொழில்நுட்பம் முதிர முதிர, சுமாரானவை குறைந்து நல்லவை கூடும். ஆனால் சந்தையில் மலிவுச் சரக்குக்குத்தான் ஆள் அதிகம். அதனால் 450 ஓடக்கூடிய சிப்பின் தலையிலும் 300 என்று எழுதி விற்க வேண்டியிருந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வரத்து அதிகமான நாளில் முதல் தரத் தக்காளியும் இரண்டாம் தர விலைக்குப் போவது மாதிரி. ஆனாலும் எல்லா 300ஏ-வும் 450 ஓடவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அது லாட்டரிதான், பரிசு விழும் வாய்ப்பு கொஞ்சம் அதிகமான லாட்டரி.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு ஆபத்து இருந்தது. 100 ஓடாதவர்கள் 'சரி, நடுவில் 83 வைப்போம்' என்று இறங்கினார்கள். பார்க்க 83 தானே பாதுகாப்பு? இல்லை. ஹார்ட்டிஸ்க், சவுண்டு கார்டு எல்லாம் தொங்கும் பிசிஐ தடம் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். பஸ் 66 என்றால் அதை இரண்டால் வகுப்பார்கள். 100 என்றால் மூன்றால். இரண்டுக்கும் விடை 33. ஆனால் 83-ஐ இரண்டால் வகுத்தால் 41.5. ப்ராசசர் குளுகுளுவென்று இருக்கும், ஹார்ட்டிஸ்க்கில் மட்டும் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். புராஜெக்ட் ரிப்போர்ட் திறக்காத நாளில்தான் விஷயம் தெரியவரும். ஓவர்கிளாக்கிங்கில் எரிந்துபோன சிப்பை விட, இப்படி அரித்துப்போன ஃபைல்கள்தான் பெரிய நஷ்டம். சிப்பைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கலாம். பிசிஐ வேகத்தைத் தனியாகப் பூட்டி வைக்கும் வசதி 2002, 2003 வாக்கில் என்ஃபோர்ஸ்2, இன்டெல் 865 போன்ற சிப்செட்டுகள் வந்த பிறகுதான் சாதாரண மதர்போர்டுகளில் பரவியது.

1999-ல் ஏபிட் ஒரு படி மேலே போய் பிபி6 என்ற போர்டில் இரண்டு செலரான்களைச் சேர்த்து ஓட்டிக் காட்டியது. இன்டெல் செலரானை அப்படி ஓட்ட அங்கீகாரமே கொடுக்கவில்லை. இந்த மாதிரி அழும்பு செய்த ஏபிட் 2008 முடிவோடு மதர்போர்டு தொழிலையே விட்டுப் போய்விட்டது. பாவம்.

அடுத்து பென்சில் கதை. 2000 ஜூனில் ஏஎம்டியின் டியூரான் வந்தது. மல்டிப்ளையர் பூட்டியிருந்தது. ஆனால் அந்தப் பூட்டு ப்ராசசரின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், 'எல்1' என்று பெயரிட்ட சில புள்ளிகளாக இருந்தது. புள்ளிகளுக்கு இடையே இருந்த இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்று எட்டாம் வகுப்புப் பாடத்திலேயே வருகிறது அல்லவா? சாதாரணப் பென்சிலால் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் அழுத்திக் கோடு போட்டால் பூட்டு திறந்துவிட்டது! மறுபடி பூட்ட வேண்டுமா, அழி ரப்பர். 2001 அக்டோபரில் வந்த அத்லான் எக்ஸ்பி-யில் ஏஎம்டி அந்தப் புள்ளிகளுக்கு நடுவே லேசரால் குழி பறித்துவிட்டது. பென்சிலின் சகாப்தம் ஒன்றரை வருடத்துக்குள் முடிந்தது. பிறகும் சிலர் குழியைப் பசையால் நிரப்பி, மேலே மின்கடத்தும் பெயிண்ட் அடித்துப் பார்த்தார்கள்.

இந்தக் காலகட்டத்தில்தான் பயமும் வந்தது. 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசசரின் தலையிலிருந்து ஹீட்சிங்க்கைக் கழற்றினார்கள். பெண்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருந்தது. பெண்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் சாகவில்லை. ஏஎம்டி அத்லான் 300 டிகிரியைத் தாண்டிப் புகைந்து செத்தது. பார்த்தவர்கள் மிரண்டுபோனார்கள். இன்றைக்கு எந்தப் ப்ராசசரை வாங்கினாலும் சூடு அதிகமானால் தானே வேகத்தைக் குறைத்து, அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். அந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் பொதுவானதில் இந்த மாதிரி சோதனைகளுக்கும் பங்கு உண்டு.

ஆனால் சூடு மட்டுமே கொலைகாரன் இல்லை. 2002-ல் வந்த நார்த்வுட் பெண்டியம் 4-களில் 1.7 வோல்டுக்கு மேல் கொடுத்தவர்களின் ப்ராசசர்கள், சூடு சாதாரணமாக இருந்தபோதே, சில வாரங்களிலோ மாதங்களிலோ திடீரென்று இறந்தன. 'நார்த்வுட் திடீர் மரணம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதிக வோல்டேஜும் மின்னோட்டமும் சேர்ந்து சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய பாகங்களை மெதுவாக அரிக்கும். கம்பிகளில் உலோக அணுக்களே இடம்பெயர்ந்துவிடும். ஆற்று வெள்ளம் கரையை அரிப்பது மாதிரி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ப்ராசசர் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். 300-ஐ 450 ஆக்கினால் 1.5 மடங்கு சூடு. கூடவே 2.0 வோல்டை 2.2 ஆக்கினால் அது மட்டும் 1.21 மடங்கு. இரண்டும் சேர்ந்து 1.8 மடங்கு. அதனால்தான் அனுபவஸ்தர்கள் வேகத்தில் தாராளமாகவும் வோல்டேஜில் கஞ்சத்தனமாகவும் இருப்பார்கள்.

சரி, இப்போது பேகம்பூருக்கு வருவோம். ஹைதர் அலி 1755-ல் திண்டுக்கல்லுக்கு அதிகாரியாக வந்தவர். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான பெரிய பள்ளிவாசலை வைத்துத்தான் பேகம்பூர் என்ற பெயர். மலைக்கோட்டை அந்தப் பக்கம், கொடைக்கானல் மலை இந்தப் பக்கம். ஆனால் அந்தக் குளிர் எதுவும் ஊருக்குள் இறங்கி வராது. ஏப்ரல், மே மாதங்களில் 38 டிகிரி சர்வசாதாரணம். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் சாயங்காலம் ஆனாலும் சுவர் சுடும்.

ஓவர்கிளாக்கிங் விமர்சனம் எழுதுபவர்கள் 22, 24 டிகிரி ஏசி அறையில் சோதிக்கிறார்கள். ஃபேன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசசரைக் கொண்டுபோகாது. அறையை விட இத்தனை டிகிரி அதிகம் என்ற கணக்குதான். அவர்களுக்கு 24 டிகிரி அறையில் 62 வந்தால், அதே செட்டிங் பேகம்பூரில் 38 டிகிரி அறையில் 76-க்கு வரும். ஜனவரியில் அழகாக ஓடின மெஷின் மே மாதம் ரீஸ்டார்ட் ஆவதன் ரகசியம் இதுதான். வைரஸ் இல்லை!

அடுத்து கரண்ட். 2008-ல் முறைவைத்து ஆரம்பித்த மின்வெட்டு 2012-ல் சென்னைக்கு வெளியே பாதி நாளை விழுங்கியது. கரண்ட் இருக்கும் நேரத்திலும் வோல்டேஜ் ஏறி இறங்கும். மலிவு கேபினட்டோடு இலவசம் போல வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் 450 வாட் என்று இருக்கும், அவ்வளவு தராது. சாதாரண வேகத்திலேயே மூச்சு வாங்கும் அந்த எஸ்எம்பிஎஸ்மீது ஓவர்கிளாக் சுமையை ஏற்றினால் முதலில் போவது ப்ராசசர் இல்லை, அந்த எஸ்எம்பிஎஸ்தான். மலிவானது தனியாகவும் போகாது, சில சமயம் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். எனவே இங்கே பட்ஜெட் மெஷினை ஓவர்கிளாக் செய்ய நினைத்தவர் முதல் செலவைச் செய்ய வேண்டிய இடம் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் யுபிஎஸ்ஸும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் அடுத்த மாடல் ப்ராசசரையே வாங்கியிருக்கலாமே என்று பல சமயம் தோன்றும். பல சமயம் அது சரியாகவும் இருக்கும்.

பாதுகாப்பான முறை என்று இன்று சொல்லப்படுவது எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுத்ததில்லை. இருபது வருட நஷ்டத்தில் உருவானது. முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட வேண்டும். ஹீட்சிங்க் தூசியைத் துடைத்து, காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்ற வேண்டும். பிறகு வோல்டேஜைத் தொடாமல் வேகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டும். விண்டோஸ் திறந்துவிட்டது என்பது சோதனை இல்லை. பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய திட்டத்தின் மென்பொருள்தான் பிரைம்95. தெரிந்த விடையோடு தன் கணக்கை அது ஒப்பிட்டுப் பார்க்கும், ஒரு இலக்கம் பிசகினாலும் நின்றுவிடும். அதை ராத்திரி முழுக்க ஓடவிடுவது வழக்கமானது. ராமுக்கு மெம்டெஸ்ட். எங்கே பிசகுகிறதோ அங்கிருந்து ஒன்றிரண்டு படி கீழே இறங்கி நின்றுவிட வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் இந்தச் சோதனையை மார்கழியில் இல்லாமல் சித்திரை மத்தியானத்தில் செய்ய வேண்டும். மெஷின் எழவே இல்லை என்றால் பயப்பட வேண்டாம், மதர்போர்டில் சிமாஸ் ஜம்பர் இருக்கிறது, பழைய நிலைக்கு வந்துவிடும். கியாரண்டி திரும்ப வருமா என்பது வேறு கேள்வி.

300ஏ-வின் வாரிசுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 2003-ல் ஏஎம்டி அத்லான் எக்ஸ்பி 2500+. மல்டிப்ளையர் 11, பஸ் 166. பஸ்ஸை 200 ஆக்கினால் அப்படியே விலை உயர்ந்த 3200+ மாடல். 2007-ல் இன்டெல் பெண்டியம் டூயல் கோர் இ2160. மல்டிப்ளையர் 9, பஸ் 200. அதை 333 வரை ஏற்றி 1.8 கிகாஹெர்ட்ஸை 3 ஆக்கியவர்கள் ஏராளம்.

2011 ஜனவரியில் அந்த ஓட்டையையும் இன்டெல் அடைத்தது. சாண்டி பிரிட்ஜில் எல்லாப் பகுதிகளும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் கட்டப்பட்டன. அதைச் சில மெகாஹெர்ட்ஸ் நகர்த்தினாலே தகராறு. பூட்டில்லாத சிப் வேண்டுமென்றால் 'கே' என்று முடியும் மாடலைக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். மறு வருடம், ஓவர்கிளாக்கில் சிப் போனால் ஒரு முறை மாற்றித் தரும் காப்பீட்டையும் இன்டெல்லே தனியாக விற்றது. 2021 வரை அது நடந்தது. பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது, சாவி உடைந்தால் இன்ஷூரன்ஸும் அவர்களுடையது. அதே 2011-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. பல வீடுகளின் முதல் கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பாக இல்லாமல் போனது. லேப்டாப்பில் திறந்து நோண்ட என்ன இருக்கிறது?

நடுவில் சின்னச் சின்னத் தமாஷ்கள் நடந்தன. பெண்டியம் பெயரின் இருபதாவது ஆண்டுக்காக 2014-ல் ஜி3258 என்ற 72 டாலர் சிப்பை இன்டெல்லே பூட்டில்லாமல் விட்டது. 2015 கடைசியில் ஆஸ்ராக் கம்பெனி பூட்டிய ஸ்கைலேக் சிப்புகளையும் ஓட்டும் பயாஸை வெளியிட்டு, 2016 தொடக்கத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டது. 2017-ல் ஏஎம்டி ரைசன் மலிவு மாடல்களையும் பூட்டில்லாமல் விற்க ஆரம்பித்தது.

ஆனால் அதற்குள் ஆட்டமே மாறியிருந்தது. சிப்பில் மிச்சமிருக்கும் தெம்பை 'டர்போ' என்ற பெயரில் கம்பெனிகளே தொழிற்சாலையில் பிழிந்துவிடுகின்றன. அந்தப் பிழியல் எங்கே போய் நின்றது தெரியுமா? 2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் பல, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே கெட ஆரம்பித்தன. சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக்கொண்டிருந்தது என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. கியாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது என்றும் சொன்னது.

அதனால் இப்போது வெயில் ஊர்க்காரர்கள் பயாஸுக்குள் போவது பெரும்பாலும் எதிர்த்திசையில். வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். 'அண்டர்வோல்டிங்' என்று பெயர். அதே படிப்படியான முறை, அதே பிரைம்95, ஓவர்கிளாக்கிங் காலத்தில் கற்ற அதே பொறுமை. எல்லா மாடலும் இடம் கொடுக்காது. கொடுத்த மெஷின்களில் ப்ராசசர் பத்து டிகிரி வரை குறைந்து, ஃபேன் சத்தம் அடங்கி, மே மாதத்திலும் வேகம் விழாமல் ஓடுகிறது.